அல்சூர் மாடிக் கடை: பழைய கேம் டிஸ்க் வாங்கவும் விற்கவும்

அல்சூர் மெட்ரோவில் இறங்கி சோமேஸ்வரர் கோயில் பக்கம் நடந்தால், கடைவீதிக்குள் குக்கர், அடுப்பு ரிப்பேர் செய்கிற ஒரு கடை வரும். அதன் பக்கவாட்டில் ஒரு ஆள் மட்டும் ஏறக்கூடிய படிக்கட்டு. மாடியில் இருப்பதுதான் நான் சொல்லப்போகும் கடை. பெயர்ப் பலகை கிடையாது. கம்பிக் கதவில் கேம் வாங்குவோம், விற்போம் என்று கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் எழுதின அட்டை ஒன்று தொங்கும், அவ்வளவுதான். சோனியின் பிளேஸ்டேஷன் 4, 5 (பிஎஸ் 4, பிஎஸ் 5), எக்ஸ்பாக்ஸ், நின்டெண்டோ ஸ்விட்ச் எல்லாவற்றுக்கும் செகண்ட் ஹேண்ட் டிஸ்க், கார்ட்ரிட்ஜ் கிடைக்கும். நல்ல கடை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் வீட்டு கேம் பெட்டியில், அதாவது கன்சோலில், டிஸ்க் போடுகிற வாய் இருந்தால் கண்டிப்பாகப் போகலாம். டிரைவ் இல்லாத டிஜிட்டல் மாடல் வாங்கியிருந்தால் அங்கே உங்களுக்கு வேலை இல்லை. ஆனாலும் மேலே படியுங்கள், அடுத்த பெட்டி வாங்கும்போது உதவும்.

எனக்குச் சோறு போடுவது லைசென்ஸ் ஒப்பந்தங்கள். ஒயிட்ஃபீல்டு பக்கம் ஒரு கம்பெனியில் சாஃப்ட்வேர் கொள்முதல் பார்க்கிறேன். எத்தனை பேர் பயன்படுத்தலாம், வேறு கம்பெனிக்கு மாற்றிக் கொடுக்கலாமா, பணம் கட்டுவதை நிறுத்தினால் என்ன ஆகும் என்று நாள் முழுக்கப் பொடி எழுத்தைப் படிக்கிற உத்தியோகம். ஒன்பதாவது படிக்கிற என் பையன் பிஎஸ் 5 கேட்டபோது வீட்டில் எல்லோரும் விலையைப் பார்த்தார்கள், நான் டிஸ்க் டிரைவ் இருக்கிறதா என்று பார்த்தேன். டிரைவ் இல்லாத மாடல் சில ஆயிரம் மலிவுதான். அந்த மிச்சம் முதல் வருஷத்திலேயே கரைந்துவிடும் என்று கணக்குப் போட்டேன். கணக்கு பொய்க்கவில்லை, இந்தக் கடை புண்ணியத்தில்.

கடைக்கார அண்ணன் கேஜிஎஃப்காரர். 2001இல் தங்கச் சுரங்கத்தை மூடின பிறகு பெங்களூருக்குப் பிழைக்க வந்த குடும்பம். கவுன்ட்டரில் தமிழ், கன்னடம், உருது மூன்றும் ஒரே மூச்சில் வரும். காக்ஸ் டவுன் பையன்கள் அவருக்கு மச்சா, மல்லேஸ்வரத்திலிருந்து வருகிறவர்கள் குரு, என்னைப் பார்த்தால் "சொல்லும்மா".

விற்க வந்த டிஸ்க்கை அவர் பார்க்கிற அழகுக்காகவே ஒருமுறை போகலாம். முதலில் நடு ஓட்டையைச் சுற்றிக் கண்ணை ஓட்டுவார். டிஸ்க் உறையிலிருந்து வெடுக்கென்று பிடுங்கி எடுக்கிறவர்களின் டிஸ்க்கில் அந்த இடத்தில்தான் மெல்லிசாக விரிசல் விடும். விரிசல் இருந்தால் பேச்சே இல்லை, திருப்பிக் கொடுத்துவிடுவார். அப்புறம் ட்யூப் லைட்டுக்கு நேராகச் சாய்த்து, விளிம்பை மட்டும் பிடித்து மெதுவாகத் திருப்புவார். புளூ-ரே டிஸ்க்கில் தகவல் இருப்பது மேற்பரப்பிலிருந்து வெறும் 0.1 மில்லிமீட்டர் ஆழத்தில். பழைய டிவிடியில் இது 0.6 மில்லிமீட்டர். கெட்டியான பூச்சு இருப்பதால் புளூ-ரேயில் சும்மா கீறல் விழாது, ஆழமாக விழுந்துவிட்டால் டிவிடி போலத் தேய்த்து பாலிஷ் போட்டு மீட்கவும் முடியாது. "நகம் மாட்டுச்சுன்னா வேணாம்மா, வச்சிக்கோங்க" என்பார். கண்ணுக்குத் தேறினதைக் கன்சோலில் போட்டு இன்ஸ்டால் ஓடுகிறதா என்று பார்த்த பிறகுதான் விலை பேசுவார். வாங்குகிறவர் கேட்டாலும் இதே மாதிரி ஓட்டிக் காட்டுவார், முகம் சுளிக்க மாட்டார்.

விலை விஷயம். சோனியின் பெரிய கேம் ஒன்று இங்கே புதிதாக ₹4,999 அளவில் வருகிறது. சில மாதம் ஆனது அண்ணனிடம் ₹2,800, ₹3,000க்குக் கிடைக்கும். காட் ஆஃப் வார் ரக்னராக்கை ₹2,400க்கு வாங்கினேன். பையன் அரையாண்டு லீவில் உட்கார்ந்து முடித்தான். திருப்பிக் கொடுத்தபோது ₹1,900 கையில் கொடுத்தார். ஆக எனக்குச் செலவு ₹500. ஆன்லைன் கடையில் சேல் போடும்போது டிஜிட்டல் இதைவிட மலிவாக வருமே என்று பக்கத்து வீட்டுக்காரர் வாதாடுகிறார். வரும்தான். ஆனால் அங்கே கொடுத்த பணம் கொடுத்ததுதான், ஒரு பைசா திரும்பாது. சேல் விலையை இவருடைய விற்பனை விலையோடு ஒப்பிடக்கூடாது, விலைக்கும் திருப்பிக் கொடுத்தால் வருகிற பணத்துக்கும் உள்ள வித்தியாசத்தோடுதான் ஒப்பிட வேண்டும்.

டிஜிட்டலைத் திரும்ப விற்க முடியாததற்குக் காரணம் தொழில்நுட்பம் இல்லை, ஒப்பந்தம். நீங்கள் பணம் கட்டி வாங்குவது வேறொருவருக்கு மாற்றித் தர முடியாத ஒரு பயன்பாட்டு உரிமம். கலிஃபோர்னியாவில் இதற்கென்றே ஒரு சட்டம் போட்டு, 2025 ஜனவரி 1 முதல் அமலில் இருக்கிறது. உரிமத்தை மட்டும் கொடுத்துவிட்டு, அதைத் தெளிவாகச் சொல்லாமல் வெறுமனே 'வாங்கு' என்று பொத்தான் வைக்கக்கூடாது என்கிறது. சட்டம் அமலுக்கு வருவதற்கு முன்பே, 2024 அக்டோபரில், ஸ்டீம் என்கிற கணினி கேம் ஆன்லைன் கடை தன் கூடைப் பக்கத்தில் இது உரிமம்தான் என்று ஒரு வரி சேர்த்துவிட்டது. எங்கள் கம்பெனி ஒப்பந்தங்களில் முதல் பக்கத்திலேயே இருக்கிற வரி, கேம் ஆடுகிறவர்கள் கண்ணில் பட இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது.

ஐரோப்பாவில் கொஞ்ச காலம் நம்பிக்கை இருந்தது. ஆரக்கிள் சம்பந்தப்பட்ட வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் 2012இல், டவுன்லோடு செய்த மென்பொருளானாலும் நிரந்தர உரிமத்தைப் பணம் வாங்கிக்கொண்டு கொடுத்துவிட்டால் அது விற்பனைதான், வாங்கினவர் மறுபடி விற்கலாம் என்றது. அதைப் பிடித்துக்கொண்டு ஒரு பிரெஞ்சு நுகர்வோர் சங்கம் ஸ்டீம் கடையை நடத்தும் வால்வ் கம்பெனி மேல் வழக்குப் போட்டு 2019இல் பாரிஸில் ஜெயித்தது. 2022இல் மேல்முறையீட்டில் கவிழ்ந்தது. கேம் என்பது வெறும் நிரல் (புரோகிராம்) அல்ல, அதில் படம், இசை, கதை எல்லாம் இருக்கிறது, நிரலுக்கான விதி இதற்குப் பொருந்தாது என்பது அங்கே சொன்ன காரணம். எனக்கு அந்தத் தர்க்கம் ஒட்டவில்லை. இசையும் படமும் நான் வாங்கின டிஸ்க்கிலும்தான் இருக்கின்றன, அதை விற்கும்போது யாரும் தடுப்பதில்லையே.

தடுக்கப் பார்த்திருக்கிறார்கள் என்பது வேறு விஷயம். அண்ணன் கண்ணாடி அலமாரியில் ஐரோப்பியப் பதிப்பு பிஎஸ் 2 பெட்டிகள் சில வைத்திருக்கிறார். ஒன்றின் பின்பக்கம் திருப்பிப் பாருங்கள். நகலெடுப்பது, வாடகைக்கு விடுவது, இரவல் கொடுப்பது, மறுவிற்பனை எல்லாம் தடை என்று எறும்பு அளவு எழுத்தில் அச்சடித்திருக்கும். அந்தத் தடை அச்சிட்ட பெட்டியை ₹300க்கு விற்கிறார், எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அட்டையில் அச்சடித்தால் மட்டும் சட்டமாகிவிடாது. பிளேஸ்டேஷன் பிறந்த ஜப்பானிலேயே பழைய கேம் கடைகளை எதிர்த்து கேம் கம்பெனிகள் உச்ச நீதிமன்றம் வரை போய், 2002 ஏப்ரலில் தோற்றார்கள். முதல் விற்பனையோடு விநியோக உரிமை தீர்ந்துவிடுகிறது என்பது தீர்ப்பு. 2013 ஜூனில் மைக்ரோசாஃப்ட் வேறு வழியில் முயன்றது. எக்ஸ்பாக்ஸ் ஒன் 24 மணி நேரத்துக்கு ஒருமுறை இணையத்தில் தலைகாட்ட வேண்டும், டிஸ்க் கேமைக் கைமாற்ற அவர்கள் விதிப்படிதான் நடக்க வேண்டும் என்றார்கள். ஜனங்கள் பிடித்த பிடியில் அதே மாதத்திலேயே வாபஸ் வாங்கிவிட்டார்கள். அன்றைக்கு வாபஸ் வாங்காமல் இருந்திருந்தால் இந்த மாடியில் இப்போது தையல் கடை இருந்திருக்கும்.

நம் ஊர்ச் சட்டம் என்ன சொல்கிறது? 1957ஆம் வருஷப் பதிப்புரிமைச் சட்டத்தின் 14ஆம் பிரிவில் புத்தகத்துக்கு ஒரு விதி, கணினி நிரலுக்கு வேறு விதி. புத்தகத்தை ஒருமுறை விற்றுவிட்டால் அந்தப் பிரதி புழக்கத்துக்கு வந்துவிட்டது, அதற்கு மேல் அதைக் கைமாற்றுவதில் பதிப்புரிமைக்காரர் தலையிட முடியாது. அவென்யூ ரோட்டு நடைபாதையில் பழைய பாடப்புத்தகம் விற்கிறவர்கள் தைரியமாக உட்கார்ந்திருப்பது அந்த வரியை நம்பித்தான், அவர்கள் அதைப் படித்திருக்கிறார்களோ இல்லையோ. நிரலுக்கு 1994இல் கொண்டுவந்த திருத்தம் கடுமையாக இருந்தது. அந்தப் பிரதி முன்பே விற்கப்பட்டிருந்தாலும் சரி, விற்கிற உரிமை பதிப்புரிமைக்காரருக்கே என்று எழுதியிருந்தார்கள். 1999இல் மறுபடி திருத்தியபோது, முன்பே விற்கப்பட்டிருந்தாலும் என்கிற பகுதியை எடுத்துவிட்டார்கள். அண்ணன் கடை நிற்பது அந்த எடுத்துவிட்ட சொற்களின் இடத்தில் என்பது என் வாசிப்பு.

2021 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் கொடுத்த ஒரு தீர்ப்பும் இதற்குத் துணை. கொள்முதல் வேலை பார்க்கிற எல்லோருக்கும் தலைகீழ்ப் பாடம் அது. வெளிநாட்டுச் சாஃப்ட்வேர் வாங்கினால் டிடிஎஸ் பிடிக்கணுமா வேண்டாமா என்கிற தலைவலி அதில்தான் தீர்ந்தது. அந்தப் பணம் ராயல்டி, அதாவது பதிப்புரிமையைப் பயன்படுத்தக் கொடுக்கிற பணம், ஆகவே பிடிக்கணும் என்று நம் கர்நாடக உயர் நீதிமன்றம் 2011இல் சொல்லியிருந்தது. உச்ச நீதிமன்றம் ஒத்துக்கொள்ளவில்லை. வாங்குகிறவர் கைக்கு வருவது ஒரு பிரதி, பதிப்புரிமை இல்லை, ஆகவே அது சரக்கு விற்பனை என்று முடித்தது. 1999இல் அந்தச் சொற்கள் போனதையும் தீர்ப்பு எடுத்துப் பேசுகிறது. வரி வழக்குதான், கேம் டிஸ்க்கைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. இருந்தாலும் அண்ணனிடம் சொன்னபோது, "அப்ப நம்ம கடைக்கு சுப்ரீம் கோர்ட்டே சப்போர்ட்டா!" என்று அன்றைக்கு எனக்கு டீ வரவழைத்தார்.

வாடகை மட்டும் வேறு கதை. அதே பிரிவில் நிரலை வணிக ரீதியாக வாடகைக்கு விடுகிற உரிமை இன்றைக்கும் பதிப்புரிமைக்காரர் கையில்தான். முன்பெல்லாம் இந்த மாதிரிக் கடைகளில் ஒரு நாளைக்கு இவ்வளவு என்று டிஸ்க் வாடகைக்குக் கொடுப்பார்கள். அண்ணன் கொடுப்பதில்லை. அதற்குப் பதிலாக ஒன்று வைத்திருக்கிறார்: இன்றைக்கு ₹2,600க்கு விற்பார், பில் பின்னால் தேதியும் ₹2,100 என்று ஒரு தொகையும் எழுதிக் கையெழுத்துப் போடுவார். ஒரு மாதத்துக்குள் அதே நிலையில் கொண்டுவந்தால் அந்தத் தொகைக்கு எடுத்துக்கொள்வார். கொண்டுவர வேண்டிய கட்டாயம் இல்லை. பாக்கெட் கணக்கில் பார்த்தால் ₹500 வாடகை, காகிதத்தில் பார்த்தால் இரண்டு விற்பனை. எந்த வக்கீல் சொல்லிக் கொடுத்தார் என்று கேட்டேன். "வக்கீலா? சேட்டு கடையில நகை வாங்குறப்ப பாத்ததும்மா" என்றார். எங்கள் சட்டப் பிரிவு ஆட்கள் இரண்டு வாரம் எடுத்துக்கொண்டிருப்பார்கள்.

டிஸ்க் கையில் இருந்தால் எல்லாம் நமதே என்று நினைத்துவிட வேண்டாம். கல்லாவுக்கு மேலே ஆணி அடித்து ஒரு பிஎஸ் 4 டிஸ்க்கை மாட்டியிருக்கிறார். யூபிசாஃப்டின் தி க்ரூ, 2014இல் வந்த கார் கேம். தனியாக ஆடினாலும் கம்பெனியின் சர்வரோடு பேசிக்கொண்டே இருக்க வேண்டும். 2024 மார்ச் 31 அன்று சர்வரை அணைத்தார்கள், அத்தோடு டிஸ்க்கும் செத்தது. டிஜிட்டலாக வாங்கியவர்களின் கணக்கிலிருந்து உரிமத்தையே எடுத்துவிட்டார்கள். கலிஃபோர்னியாவில் இரண்டு பேர் வழக்குப் போட்டபோது கம்பெனி தரப்பு வாதம் நமக்குப் பழகினதுதான்: நீங்கள் வாங்கியது உரிமம், கேமை இல்லை. சர்வரை அணைத்ததிலிருந்து கிளம்பியதுதான் ராஸ் ஸ்காட் என்கிற யூடியூப்காரர் தொடங்கின 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' இயக்கம். விற்ற கேமை, ஆதரவை நிறுத்தும்போது ஆடக்கூடிய நிலையில் விட்டுப் போ என்பது கோரிக்கை. 2025 ஜூலைக்குள் ஐரோப்பிய யூனியன் மனுவில் 10 லட்சத்துக்கும் மேல் கையெழுத்து சேர்ந்தது. அந்தக் கம்பெனியும் தி க்ரூ 2க்கு ஆஃப்லைன் வசதி தருவதாக 2024இல் அறிவித்தது. முதல் பாகம் ஆணியில் தொங்குகிறது.

அதற்கு நேர்மாறான சரக்கும் அவரிடம் இருக்கிறது. ஃபோர்ஸா ஹொரைஸன் 3 என்கிற கார் கேம். 2020இல் ஆன்லைன் கடையிலிருந்து தூக்கிவிட்டார்கள். 4ஆம் பாகம் 2024 டிசம்பரில் போனது. இங்கே கம்பெனிக்கே உரிமம் முடிந்துவிட்டது என்பதுதான் வேடிக்கை. கேமுக்குள் ஓடுகிற ஒவ்வொரு காருக்கும் கார் கம்பெனியிடம், பாட்டுக்கு இசைக் கம்பெனியிடம் காலக்கெடு வைத்துத்தான் அனுமதி வாங்குகிறார்கள். கெடு முடிந்தால் புதிதாக விற்க முடியாது. ஏற்கெனவே விற்ற டிஸ்க்கை இந்தக் கெடு ஒன்றும் செய்யாது, அது பாட்டுக்கு ஓடும். அதனால் 3ஆம் பாகத்தின் டிஸ்க் புதிதில் விற்ற விலையை எட்டிவிட்டது, இனி இறங்காது என்கிறார் அண்ணன். சேகரிக்கிறவர்கள் வேண்டுமானால் வாங்கலாம். எனக்கு அந்த விலை அதிகம்.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று அவரே சொல்லிவிடுவது எனக்குப் பிடித்த இன்னொரு விஷயம். ஸ்விட்ச் 2க்கு வருகிற சில கார்டுகளில் கேம் கிடையாது, இறக்கிக்கொள்ளச் சாவி மட்டும்தான். கைமாற்றலாம், ஆனால் இறக்குகிற சர்வர் இருக்கும்வரைதான் அதற்கு மதிப்பு. அவற்றைத் தனித் தட்டில் வைத்து விலையும் குறைத்துப் போடுகிறார். பிசி கேம் பெட்டிகளை வாங்குவதே இல்லை. உள்ளே இருக்கிற ஆக்டிவேஷன் எண்ணை ஒருமுறை கணக்கில் ஏற்றிவிட்டால் அப்புறம் அது வெறும் அட்டைப்பெட்டி. (ஸ்விட்ச் கார்டைக் குழந்தைகள் வாயில் போடாமல் இருக்கக் கசப்பு மருந்து தடவியிருப்பார்கள். என் பையன் பந்தயத்துக்கு நக்கிப் பார்த்துவிட்டு ஒரு மணி நேரம் துப்பிக்கொண்டிருந்தான்.)

கணக்கு விற்பனையை அவர் தொடுவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மடிவாளாவில் பிஜியில் இருக்கிற என் அக்கா பையன், ஆன்லைனில் ஒருவரிடம் 'பிரைமரி அக்கவுன்ட்' என்று ₹900க்கு ஒரு கேம் எடுத்தான். ஒரே கணக்கை இரண்டு, மூன்று பேருக்குப் பிரித்து விற்கிற வியாபாரம் அது. இரண்டாவது மாதமே கேம் பூட்டிக்கொண்டது. விற்றவர் மெசேஜைப் பார்த்தும் பதில் இல்லை, கன்சோல் கம்பெனியிடம் போய் முறையிடவும் வழி இல்லை. கணக்கே அவன் பெயரில் இல்லையே. அண்ணனிடம் அவனையும் அழைத்துப் போனேன். திட்டவில்லை, பிஎஸ் 4 டிஸ்க் தட்டைக் காட்டி, "இந்தப் பக்கம் எல்லாம் ஆயிரத்துக்குள்ள, தம்பி, பார்த்து எடு" என்றார்.

குறைகளும் இருக்கின்றன. எந்தப் பெட்டியிலும் விலை ஒட்டியிருக்காது, எல்லாம் அவர் மண்டைக்குள். பேரம் பேசத் தெரியாதவர்கள் ₹200, ₹300 கூடுதலாகக் கொடுத்துவிட்டுத்தான் இறங்குவார்கள். எக்ஸ்பாக்ஸ் சரக்கு சுமார்தான். டிஸ்க்கின் பளபளப்பான பக்கத்தைத் தொட்டுப் பிடித்தால் பள்ளிக்கூடப் பையன் என்றுகூடப் பார்க்காமல் கத்துவார். மின்விசிறி ஒன்று, அதுவும் அவர் பக்கம் திரும்பி இருக்கும். முதிர்ந்தவர்களுக்கு அந்தப் படிக்கட்டு ஆபத்து, கைப்பிடி ஆடுகிறது.

விற்கப் போகிறவர்கள் பெட்டியையும் அட்டையையும் சேர்த்தே கொண்டுபோங்கள், வெறும் டிஸ்க் என்றால் ₹300 வரை அடித்துவிடுவார். திங்கட்கிழமை கடை லீவு. வண்டி நிறுத்த இடம் தேடி அலைவதற்குப் பதில் மெட்ரோவில் போய்விடுவது மேல். சனிக்கிழமை சாயங்காலம் மட்டும் வேண்டாம், படிக்கட்டிலேயே வரிசை நிற்கும், டிஸ்க்கை ஓட்டிக் காட்டச் சொன்னால் பின்னால் நிற்கிறவர்கள் முறைப்பார்கள்.